மடக்குக் கத்தி வாங்குபவருக்கு: பல் வைத்த கூரா, நேர்கூரா? ஒரு முழுமையான வழிகாட்டி

மடக்குக் கத்தி வாங்க வருபவர்களில் பலர் முதலில் பிடியின் நிறத்தையும் அலகின் வடிவத்தையும் பார்க்கிறார்கள், பிறகு எஃகின் பெயரை விசாரிக்கிறார்கள், கூர் நேராக இருக்க வேண்டுமா பல் வைத்ததாக இருக்க வேண்டுமா என்பதைப் பணம் கட்டும் நேரத்தில் யோசிக்கிறார்கள். இந்த வரிசைதான் பிழைக்குக் காரணம். எதை வெட்டப் போகிறீர்கள், வெட்டும்போது கை எப்படி அசைகிறது, மழுங்கினால் தீட்டப்போவது யார் என்ற மூன்றுக்கும் இதே வரிசையில் விடை கண்டுவிட்டால், எந்தக் கூர் வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும். கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். ஒரு படியின் விடை அடுத்த படிக்குத் தேவைப்படும்.

1. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

வீட்டில் ஏற்கெனவே உள்ள நேர்கூர்க் கத்தி ஒன்று போதும். சோதனைக்காகப் புதுக் கத்தி வாங்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் 400 கிரிட், மறுபக்கம் 1000 கிரிட் உள்ள சாணைக்கல் (கிரிட் என்பது கல்லின் மணியளவு; எண் கூடக் கூடக் கல் நைசாக இருக்கும்), ஒரு கறுப்பு மார்க்கர் பேனா, கொஞ்சம் பஞ்சு, பழைய செய்தித்தாள், இரண்டு முழம் நைலான் கயிறு, இரண்டு முழம் தேங்காய் நார்க் கயிறு, ஓர் அட்டைப்பெட்டி, பழுத்த தக்காளி ஒன்று ஆகியவை வேண்டும்.

மழுங்கிய கத்தியைக் கொண்டு கூரின் வகையை மதிப்பிட முடியாது என்பதால்தான் சாணைக்கல்லை இந்தப் பட்டியலில் சேர்த்திருக்கிறேன். "சாதாக் கத்தி கயிற்றை அறுக்கவே மாட்டேன் என்கிறது" என்று சொல்லிப் பல் வைத்த கத்தியைத் தேடி வருபவர்களில் பெரும்பாலோரின் கையில் இருப்பது, வாங்கிய நாளிலிருந்து கல்லையே பார்க்காத கத்தி.

2. ஒரு வாரம் வெட்டுவதையெல்லாம் எழுதி வையுங்கள்

"எல்லாவற்றுக்கும் வேண்டும்" என்ற எண்ணத்தோடு வாங்கினால் எதற்கும் சரியாக அமையாத கத்தி வந்து சேரும். ஆகவே ஒரு வாரம், கத்தியையோ கத்தரிக்கோலையோ எடுத்த ஒவ்வொரு முறையும், வெட்டிய பொருளை ஒரு தாளில் குறித்து வையுங்கள். பார்சல் டேப், பால் பாக்கெட், மாம்பழம், அரிசி மூட்டையின் தையல் நூல், கொடிக் கயிறு என்று எதையும் விடாமல் எழுதுங்கள்.

நினைவிலிருந்து எழுதுபவர்கள் எப்போதோ ஒரு முறை செய்த கடினமான வேலையைப் பெரிதாகவும், தினமும் செய்யும் சிறு வேலையைச் சிறிதாகவும் எழுதிவிடுவார்கள் என்பதால், வெட்டிய உடனே குறிப்பது முக்கியம். மீன்பிடிப் படகிலோ, லாரி சரக்கிலோ, பந்தல் வேலையிலோ இருப்பவரின் தாளும், அலுவலகத்தில் இருப்பவரின் தாளும் ஒன்றுபோல் இருக்காது.

3. கை தள்ளுகிறதா, இழுக்கிறதா என்று குறியுங்கள்

தாளில் உள்ள ஒவ்வொரு வேலைக்கும் எதிரே "தள்ளல்" அல்லது "இழுவை" என்று எழுதுங்கள். பென்சில் சீவும்போதும், குச்சியைச் செதுக்கும்போதும், பழத்தோலை உரிக்கும்போதும் கூரைப் பொருளுக்குள் நேரே தள்ளுகிறோம். கயிறு, ரொட்டி, தடித்த பட்டை ஆகியவற்றில் கத்தியை முன்னும் பின்னும் இழுத்து அறுக்கிறோம்.

முடிவில் பாதிக்கு மேல் இதுவே தீர்மானித்துவிடும். நேர்கூர் இரண்டு அசைவுக்கும் இடம் கொடுக்கும். பல் வைத்த கூர் இழுத்தால் மட்டுமே வேலை செய்யும். தள்ளும்போது பற்களின் முனைகள் பொருளில் தனித்தனியே குத்திக்கொண்டு நின்றுவிடுவதால், சீவிய பரப்பு வரிவரியாகப் பிய்ந்து வரும்.

4. இரண்டு கூர்களும் வேலை செய்யும் விதம்

நேர்கூரில், பொருளின் மேல் படும் நீளம் முழுவதும் கையின் அழுத்தம் பரவுகிறது. கூர் நன்றாக இருக்கும் வரை இது ஒரு குறையே இல்லை. வெட்டு வழவழப்பாக விழும், எங்கே தொடங்க வேண்டும் எங்கே நிறுத்த வேண்டும் என்பது கையின் கட்டுப்பாட்டில் இருக்கும். கூர் போன பிறகு, அதே பரவிய அழுத்தம் பொருளுக்குள் இறங்கப் போதாமல், கத்தி மேலேயே வழுக்குகிறது.

பல் வைத்த கூரில் முதலில் தொடுபவை சில முனைகள் மட்டுமே. அதே அழுத்தம் அந்தச் சில இடங்களில் குவிவதால், வழுக்கலான கயிற்றின் மேற்பரப்பையும் அவை உடனே கிழித்துவிடுகின்றன. கிழிந்த நார்கள் முனைகளுக்கு இடையே உள்ள வளைந்த பள்ளத்துக்குள் விழுந்து சிக்கிக்கொள்கின்றன. அங்கிருந்து நழுவ வழியில்லாததால் பள்ளத்தின் கூர் அவற்றை அறுத்து முடிக்கிறது. நெற்கதிர் அறுக்கும் கருக்கரிவாளுக்குப் பல் இருப்பதும், கிளை வெட்டும் அரிவாளுக்கு இல்லாததும் இதே காரணத்தால்தான்: ஒன்றில் நார்த் தாள்களைப் பிடித்து இழுத்து அறுக்கிறோம், மற்றொன்றை ஓங்கி இறக்குகிறோம்.

பலகையிலும் தட்டிலும் கூர் மோதும்போது அடி வாங்குபவை முனைகள். பள்ளங்களின் கூர் உள்ளடங்கி இருப்பதால் அது வெகுநாள் தப்பிக்கிறது. ஆகவே பல் வைத்த கத்தி மழுங்கிய பிறகும் ஏதோ ஒரு விதத்தில் அறுத்துக்கொண்டேதான் இருக்கும். இதைத்தான் "பல் வைத்த கத்திக்குச் சாணையே தேவையில்லை" என்று தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அது மெதுவாக மழுங்குகிறது, மழுங்கியதும் எளிதில் தெரியாது, அவ்வளவுதான். மழுங்கிய பல் அறுப்பதை விட்டுப் பிய்க்கத் தொடங்கும், அப்போது கை கூடுதல் பலம் கொடுக்கும், விபத்து நடப்பது அந்தக் கூடுதல் பலத்தில்தான்.

5. உங்கள் தாளைப் பொருள் வாரியாகப் பிரியுங்கள்

நைலான், பாலிப்ரொப்பிலீன் கயிறுகள், அதிலும் ஈரமானவை, பல்லுக்கே உரியவை. தேங்காய் நார்க் கயிறும் அப்படியே. சரக்குகளைக் கட்டும் அகலமான நெய்த பட்டை, வாகன இருக்கைப் பட்டை, தோட்டத்து ரப்பர் குழாய் ஆகியவற்றிலும் பல் வேகமாக வேலை முடிக்கும். ஆபத்தில் சிக்கியவரை மீட்பதற்கென்று வரும் கத்திகளில் பல் வைத்த அலகைப் பரவலாகக் காண்பதற்கு இதுவே காரணம். அங்கே வெட்டின் அழகை யாரும் பார்ப்பதில்லை, ஓர் இழுப்பில் பட்டை அறுபட வேண்டும்.

பழம், காய்கறி, இறைச்சி, மீன் ஆகியவற்றுக்கு நேர்கூரே உகந்தது. பல் வைத்த கத்தியால் அறுத்த மாம்பழத் துண்டின் பரப்பைக் கவனித்தால், சதை நசுங்கிச் சாறு கசிந்திருப்பதையும், பல்லின் தடம் வரிசையாகப் பதிந்திருப்பதையும் காணலாம். வெளியே கடினமாகவும் உள்ளே மென்மையாகவும் உள்ள ரொட்டியும் தக்காளியும் இதற்கு விலக்கு. அவற்றின் தோலைப் பல்லின் முனை அழுத்தாமலே திறந்துவிடும். ஆனால் கூரான நேர்கூரும் தக்காளியைத் தயக்கமில்லாமல் அறுக்கும் என்பதை அடுத்த படியில் நீங்களே பார்க்கலாம்.

அட்டைப்பெட்டியைப் பற்றிப் புதியவர்களுக்குக் குழப்பம் அதிகம். அட்டையில் கலந்திருக்கும் கனிமத் துகள்கள் எந்தக் கூரையும் தேய்த்துவிடும், எனவே நாள் முழுவதும் பெட்டி உடைப்பவருக்குப் பல் வைத்த கூர் நெடுநாள் தாக்குப்பிடிப்பது உண்மை. ஆனால் அட்டையின் அலைமடிப்புகளில் பல் சிக்கி, வெட்டு கோணலாக ஓடும், தூளும் கொட்டும். நேராக வெட்ட வேண்டியிருந்தால் நேர்கூரை வைத்துக்கொண்டு அடிக்கடி தீட்டுவதே நல்லது. பார்சல் டேப்பை மட்டும் திறப்பவருக்கு இந்த யோசனையே தேவையில்லை; எந்தக் கத்தியும் போதும்.

மரம் சீவுதல், செதுக்குதல் என்று தாளில் ஒரு வரி இருந்தாலும் அந்த வேலைக்கு நேர்கூர் தவிர வேறு வழியில்லை.

6. முடிவெடுக்கும் முன், இருக்கும் கத்தியைக் கரடாகத் தீட்டிப் பாருங்கள்

இந்தப் படியைத்தான் ஏறக்குறைய எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். நேர்கூர் என்று நாம் சொல்லும் விளிம்பும் உண்மையில் முழு வழவழப்பாக இருப்பதில்லை. கல்லின் மணிகள் கீறிய நுண்ணிய பற்கள் அதில் வரிசையாக இருக்கும். கரடான கல்லில் அவை பெரிதாகவும், நைசான கல்லில் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிதாகவும் அமையும். 3000 கிரிட்டுக்கு மேல் ஏற்றி மெருகிட்ட கூர் முடியை மழித்துவிடும், ஆனால் நைலான் கயிற்றில் வழுக்கும். 400 கிரிட்டோடு நிறுத்திய கூர் முடியை மழிக்கத் திணறும், கயிற்றையோ கவ்விப் பிடிக்கும்.

ஆகவே முதலில் கத்தியின் சாய்தளத்தில், அதாவது கூரை ஒட்டிச் சரித்துத் தேய்த்திருக்கும் பட்டையில், இரு பக்கமும் மார்க்கரால் மை பூசுங்கள். ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 20 பாகை சாய்வில் 400 கிரிட் கல்லில் சில முறை தேய்த்துவிட்டு மையைப் பாருங்கள். விளிம்பு வரை மை அழிந்திருந்தால் சாய்வு சரி. மேலே மட்டும் அழிந்து விளிம்பில் மை நின்றால் கத்தி மிகவும் படுத்திருக்கிறது. விளிம்பில் மட்டும் அழிந்திருந்தால் மிகவும் நிமிர்ந்திருக்கிறது. சாய்வு பிடிபட்டதும், மறுபக்கத்தில் விளிம்பு நெடுகிலும் மெல்லிய பிசிர் (தேய்க்கும்போது விளிம்பில் மடிந்து நிற்கும் எஃகு) விரலுக்குத் தட்டும் வரை தேயுங்கள். விரலை விளிம்புக்குக் குறுக்கே, முதுகிலிருந்து கூர் நோக்கி வெளிப்புறமாக நகர்த்தித்தான் பார்க்க வேண்டும். விளிம்பின் நீளவாட்டில் ஒருபோதும் நகர்த்தக் கூடாது.

பிறகு பக்கம் மாற்றி அதையே செய்து, கடைசியில் மிக மென்மையான அழுத்தத்தில் பக்கத்துக்கு ஒன்றாக மாறி மாறித் தேய்த்துப் பிசிரை எடுங்கள். பஞ்சை விளிம்பின் மேல் லேசாக இழுத்துப் பாருங்கள். ஓரிடத்தில் பஞ்சின் இழை சிக்கி நின்றால் அங்கே இன்னும் பிசிர் ஒட்டியிருக்கிறது என்று பொருள். கண்ணால் தேடுவதைவிட இது துல்லியமானது.

இப்போது இரண்டு கயிறுகளையும் செய்தித்தாளையும் அறுத்துப் பாருங்கள். அடுத்து அதே கத்தியை 1000 கிரிட் பக்கத்தில் முடித்து, கயிறு, தக்காளி, செய்தித்தாள் மூன்றையும் வெட்டுங்கள். கயிற்றில் 400 கிரிட் கூரும், செய்தித்தாளில் 1000 கிரிட் கூரும் மேலாக இருப்பதைக் கை உணரும். 400 கிரிட் கூரே உங்கள் கயிற்று வேலைக்குப் போதுமென்று தோன்றினால், பல் வைத்த கத்தி உங்களுக்கு வேண்டியதில்லை. என் அனுபவத்தில், வாரம் ஓரிரு முறை கயிறு அறுப்பவர்கள் இந்தப் படியோடு நின்றுவிடலாம். நாள்தோறும் ஈரக் கயிற்றோடு இருப்பவர்கள் தொடர்ந்து படிக்க வேண்டும்.

7. தீட்டப்போவது யார்?

நேர்கூரை எவரும் ஒரு கல்லில் பழகிக்கொள்ளலாம். பல் வைத்த கூருக்குத் தட்டையான கல் உதவாது. பள்ளத்துக்குள் நுழையும், முனை நோக்கிக் குறுகி வரும் வைரத்தூள் பூசிய உருளைக் கம்பி தனியாக வேண்டும். அதை வாங்கவும், பள்ளம் பள்ளமாக உட்கார்ந்து தீட்டவும் பொறுமை உண்டா என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

தெருவில் வரும் சாணை பிடிப்பவரிடம் பல் வைத்த கத்தியைக் கொடுக்க வேண்டாம். சுழலும் தட்டைச் சக்கரத்தில் வைத்தால் முனைகள் அனைத்தும் தேய்ந்து பள்ளங்களின் ஆழம் போய்விடும். அது மீண்டும் வராது. நேர்கூரைக் கொடுத்தாலும், தண்ணீர் விடாமல் வேகமாகச் சுற்றும் சக்கரத்தில் விளிம்பு சூடேறி நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் எஃகின் பதம் கெட்டுவிட்டது என்று அறியுங்கள்.

தாளில் இழுவை வேலைகள் மிகுந்து, தீட்டவும் உங்களுக்கு நேரமில்லை என்றால், விடை பல் வைத்த கூர்தான். தள்ளல் மிகுந்தால் நேர்கூர். இரண்டும் சமமாக இருந்தாலும் நேர்கூரையே சொல்வேன், ஏனெனில் நேர்கூரால் கயிற்றைச் சிரமப்பட்டாவது அறுக்கலாம், பல்லால் பழத்தோல் சீவவே முடியாது.

8. பாதிப் பல் கத்தி: பிடியின் அருகே இருப்பது எது என்று பாருங்கள்

அலகின் ஒரு பாதி நேராகவும் மறு பாதி பல்லாகவும் உள்ள கத்திதான் புதியவர்களை அதிகம் ஈர்க்கிறது. பெரும்பாலான மாதிரிகளில் பற்கள் பிடியை ஒட்டிய பாதியில் இருக்கும். சிக்கலும் அங்கேதான்: கை மிகுந்த பலத்தோடும் கட்டுப்பாட்டோடும் தள்ளக்கூடிய இடம் பிடியை ஒட்டிய பகுதி, சீவுவதற்கும் செதுக்குவதற்கும் அதுவே தேவை. அதைப் பல்லுக்குக் கொடுத்துவிட்டால், சீவ நுனிப்பக்கம் மட்டுமே மிஞ்சும்.

7 அல்லது 8 சென்டிமீட்டர் அலகில் இது இன்னும் மோசம். பல்லுக்குக் கிடைப்பது 3 சென்டிமீட்டர் அளவே. இழுத்து அறுக்க நீளம் போதாமல் கயிறு ஒவ்வோர் இழுப்பிலும் பல்லை விட்டு வெளியே வந்துவிடும். சுவிஸ் ராணுவத்தின் 2008-ஆம் ஆண்டு மாதிரியான விக்டோரினாக்ஸ் கத்தி, மூடிய நிலையில் 111 மில்லிமீட்டர் நீளமுள்ளது. அதில் அலைவடிவப் பற்கள் நுனிப்பக்கத்திலும், நேர்கூர் பிடியை ஒட்டியும் இருக்கின்றன. பாதிப் பல் வேண்டுமென்றே விரும்புபவர்கள் இந்த அமைப்பைத் தேடுவது நல்லது. என் முடிவு இதுதான்: இரண்டும் உண்மையாகவே தேவைப்பட்டால், ஒரு நேர்கூர்க் கத்தியும் ஒரு முழுப் பல் கத்தியுமாகத் தனித்தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

9. பல்லின் வடிவமும் சாய்தளமும்

கூரிய முனைகளும் ஆழ்ந்த பள்ளங்களும் கொண்ட பல் கயிற்றில் வெறியோடு இறங்கும், துணியில் சிக்கி இழையை இழுக்கும். ஒரு பெரிய பள்ளத்தை அடுத்து இரண்டு சிறிய பள்ளங்கள் என்று மாறி மாறி வரும் ஸ்பைடர்கோ நிறுவனத்தின் பல் இந்த வகை. வட்டமான முனைகளும் ஆழமில்லாத பள்ளங்களும் கொண்ட அலைப்பல் உணவுக்கும் கயிற்றுக்கும் ஓரளவு பொதுவாக உதவும், சிக்குவதும் குறைவு.

பல் வைத்த அலகு பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டுமே சரித்துத் தேய்க்கப்பட்டிருக்கும், மறுபக்கம் சமமாக இருக்கும். இதனால் தடித்த பொருளில் வெட்டு சமமான பக்கத்தை நோக்கி விலகும். ரொட்டித் துண்டு ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் வருவது இதனால்தான். கையைச் சிறிது எதிர்ப்பக்கம் சாய்த்து ஈடுகட்டப் பழக வேண்டும். இடக்கைக்காரர்கள் வாங்கும் முன் எந்தப் பக்கம் சரிவு உள்ளது என்று கட்டாயம் பாருங்கள்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு சொல்: உப்பு நீர் பள்ளங்களில்தான் தேங்கும், துரு அங்கிருந்துதான் தொடங்கும். ஸ்பைடர்கோவின் "சால்ட்" வரிசையில் பயன்படும் எல்சி200என் போன்ற துருவை நன்கு எதிர்க்கும் எஃகுகளுக்குக் கூடுதல் விலை கொடுப்பது இவர்களுக்குத் தகும்.

10. பூட்டு, நீளம், சட்டம்

பல் வைத்த கத்திக்குப் பூட்டு இருக்கட்டும். பல் பொருளில் சிக்கிக்கொண்டால், விடுவிப்பதற்காகப் பிடியை மேலே தூக்குவது எல்லோருக்கும் இயல்பு. அந்த அசைவு அலகை மடங்கும் திசையில்தான் தள்ளும், விரல்கள் அங்கே இருக்கும். ஓபினல் கத்தியின் சுழலும் வளையம் போன்ற எளிய பூட்டும் இதற்குப் போதும். சிக்கிய கத்தியைத் தூக்காமல், வந்த வழியிலேயே பின்னோக்கி இழுத்து எடுக்கப் பழகுங்கள்.

இந்தியாவில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள, வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் அல்லாத அலகுகளை ஆயுதச் சட்ட விதிகள் தனி வகையில் வைக்கின்றன. சட்டைப்பைக் கத்திகள் அந்த அளவுக்கு வெகு கீழே உள்ளவை. விமானத்தில் கைப்பையில் கத்தி கூடாது, பதிவுசெய்து அனுப்பும் பெட்டியில் வைக்க வேண்டும். பிரிட்டனில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு: அங்கே காரணம் சொல்லாமல் வெளியே எடுத்துச் செல்ல, அலகின் கூர் 3 அங்குலத்துக்கு மேற்படாமலும், கத்தி பூட்டு இல்லாததாகவும் இருக்க வேண்டும். ஆகவே அங்கே அன்றாடம் பையில் வைக்க, பூட்டில்லாத நேர்கூர்க் கத்தியே பொருத்தம்.

11. கத்தி கைக்கு வந்ததும்

நேர்கூரை ஒற்றைச் செய்தித்தாளில் அடியிலிருந்து நுனி வரை ஒரே இழுப்பாக வெட்டிப் பாருங்கள். தாள் கிழியும் இடம் கூரில் குறையுள்ள இடம். பல் வைத்ததற்குத் தாள் சோதனை பொருந்தாது. கயிற்றை இறுக்கிக் கட்டி, அழுத்தாமல் இழுத்து அறுங்கள். அறுபடும் தறுவாயில் பலத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் கடைசி நார்கள் திடீரென்று விட்டுவிடும். கத்தி செல்லும் திசையில் தொடையோ மறுகையோ இருக்கக் கூடாது. பல்லால் ஏற்படும் காயம் ஓரம் பிய்ந்து இருக்கும், ஆற நேரம் எடுக்கும்.

12. பல்லைத் தீட்டும் முறை

முதலில் சரிவான பக்கம் எது என்று உறுதி செய்து, அங்கே மை பூசுங்கள். கம்பியின் எந்தப் பருமன் பள்ளத்தை நிரப்புகிறதோ அந்த இடத்தைப் பள்ளத்தில் வைத்து, ஏற்கெனவே உள்ள சரிவோடு ஒட்டி, முதுகிலிருந்து விளிம்பை நோக்கிச் சில முறை தேயுங்கள். பள்ளத்தைவிடப் பருத்த பகுதியை நுழைத்தால் முனைகள் தேயும். பலரும் பல்லைக் கெடுப்பது இப்படித்தான். சமமான பக்கத்தில் பிசிர் தட்டியதும் அந்தப் பள்ளத்தை நிறுத்தி அடுத்ததற்குப் போங்கள்.

எல்லாப் பள்ளங்களும் முடிந்த பிறகு, சமமான பக்கத்தை 1000 கிரிட் கல்லில் கிட்டத்தட்டப் படுக்க வைத்து, அழுத்தமே இல்லாமல் ஓரிரு முறை இழுத்துப் பிசிரை எடுங்கள். அந்தப் பக்கத்தில் சாய்வு கொடுத்துத் தேய்த்தால் பல்லின் உயரமே குறைந்துவிடும். பஞ்சைப் பள்ளம் பள்ளமாக இழுத்துச் சோதித்து, இழை சிக்கும் பள்ளத்தை மட்டும் மீண்டும் கம்பியால் தொடுங்கள். பின்பு பழைய பல் துலக்கும் பிரஷால் எஃகுத் தூளைக் கழுவி, துணியால் ஒற்றி ஈரம் போக்கி, மடங்கும் அச்சில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். உணவுக்கும் அதே கத்தி என்றால், நாளடைவில் பிசுபிசுக்கும் தேங்காய் எண்ணெய்க்கும் நல்லெண்ணெய்க்கும் பதிலாக, உணவுத் தரமுள்ள கனிம எண்ணெயை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.